எந்த வருஷத்துல நம்ம வாழ்க்கை மாறுச்சு? ஒரு ரீசார்ஜ் கடை கவுண்டர்ல இருந்து பார்த்தது

சமீப காலத்துல நம்ம கலாச்சாரத்த ரொம்ப மாத்துன வருஷம் எது, எல்லாரும் சொல்ற மாதிரி கொரோனா வந்த 2020தானா, இல்ல அதுக்கு முன்னாடியே மாறிடுச்சா, இதுதான் கேள்வி. 2020னு ஒரே வார்த்தைல பதில் சொல்லிட்டு போறவங்கதான் அதிகம். எனக்கு அது சரியா படல. என் பதில் 2016 செப்டம்பர்ல இருந்து 2017 ஜனவரி வரைக்குமான அந்த அஞ்சு மாசம். ஏன்னு நீளமா சொல்றேன், நேரம் இருந்தா படிங்க.

முதல்ல நான் எங்க இருந்து பேசுறேன்னு சொல்லிடுறேன். புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கி பக்கம் ஒரு கடைத்தெரு. எங்கப்பா 1991ல ஒரு எஸ்.டி.டி பூத் வச்சாரு, காசு குடுத்து வெளியூருக்கு போன் பேசுற கடை, அப்புறம் அதே கண்ணாடி ரூம், அதே கவுண்டர் என் கைக்கு வந்துச்சு, அது ரீசார்ஜ் கடை ஆச்சு, செல் சர்வீஸ் ஆச்சு, இப்ப ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பணம் எடுத்துக் குடுக்குறதுன்னு ஓடுது. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ துபாய்லயோ இருப்பாங்க, அதனால போன்னா எங்க ஊருக்கு அது சோறு மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல அந்த கவுண்டர்ல யார் வர்றாங்க, என்ன கேக்குறாங்க, யார் பேர சொல்லி கேக்குறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். கலாச்சாரம் மாறுறத நான் அதுலதான் அளக்குறேன். போன் யார் கைல இருக்கு, அதுதான் என் அளவுகோல்.

பூத் காலத்துல போன் தெருவோடது. ராத்திரி லேட்டா பேசுனா கால்வாசி சார்ஜ்தான்னு ஒம்பது மணிக்கு மேல வாசல்ல கூட்டம் நிக்கும், உள்ள செவப்பு நம்பர்ல மீட்டர் ஓடும், பேசுறவங்க கண்ணு அதுலயே இருக்கும், "சரி வச்சிடுறேன், ரொம்ப ஓடுது" அப்டிங்கறதுதான் எல்லா பேச்சுக்கும் கடைசி வரி. கல்யாணப் பத்திரிகைல நம்பருக்கு பக்கத்துல பி.பி.ன்னு போட்டிருப்பாங்க, அது பக்கத்து வீட்டு நம்பர். எங்க கடை நம்பர் எத்தனை பத்திரிகைல பி.பி.யா இருந்திருக்குன்னு கணக்கே இல்ல. சிங்கப்பூர்ல இருந்து கால் வந்தா நான்தான் சைக்கிள் எடுத்துக்கிட்டு போய் ஆள கூட்டிட்டு வருவேன், பத்து நிமிஷம் கழிச்சு அவரு மறுபடி அடிப்பாரு. புருஷன் கிட்ட ஒரு பொண்ணு என்ன பேசுனாலும் அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்க எங்களுக்கு கேக்கும். அவங்களும் கேக்கும்னு தெரிஞ்சேதான் பேசுவாங்க. சொல்ல வந்தத சொல்லாம அழுதுட்டு போனவங்கள நிறைய பார்த்திருக்கேன், அது இன்னைக்கும் மனசுல இருக்கு.

1993ன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்களையும் மதிக்கிறேன். அந்த வருஷம் ஏப்ரல் 14ல சன் டிவி வந்துச்சு, முதல்ல கொஞ்ச மணி நேரம்தான் ஓடுச்சு, ஆனா வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை படம்னு தூர்தர்ஷன் போட்டுக்குடுத்த நேரத்துக்கு வாழ்ந்த ஊரு அதுக்கப்புறம் அப்டி இல்ல. சரிதான். ஆனா அதுவும் ஊருக்கு மொத்தமா வரல, கேபிள் கட்டுறவன் வீட்டுக்குதான் வந்துச்சு, மத்தவங்க ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க. 2006 செப்டம்பர்ல இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சப்போதான் அந்த ஜன்னல் கூட்டம் கலைஞ்சுச்சு. அடுத்தவன் வீட்டு வாசப்படில உக்காந்து டிவி பார்த்து அவமானப்பட்ட புள்ளைகளுக்கு 2006தான் பெரிய வருஷம், அத யாரும் எழுத மாட்டேங்குறாங்க.

2003ம் முக்கியம். இன்கமிங் ஃப்ரீ ஆனது அந்த வருஷம்தான், 501 ரூபாய்க்கு ரிலையன்ஸ் போன் தெருத்தெருவா வந்ததும் அப்பதான். எங்க பூத் வருமானம் ரெண்டே வருஷத்துல பாதிக்கு கீழ போயிடுச்சு, நாங்க டாப்-அப் கார்டு விக்க ஆரம்பிச்சோம். இங்க போன் தெருவுல இருந்து வீட்டுக்கு போச்சு, ஆனா கவனிச்சு பாருங்க, வீட்டு ஆம்பள பாக்கெட்டுக்குதான் போச்சு. வீட்டுக்கு ஒரு போன், அது அவரோட காட்டுக்கு போகும், சந்தைக்கு போகும். சாயங்காலம் அவரு திரும்புனாதான் அம்மா தன் பொறந்த வீட்டுக்கு பேச முடியும்.

அதுக்கப்புறம் 2016 வரைக்கும் நடந்தத நான் எண்ணி எண்ணி வாழ்ந்த காலம்னு சொல்வேன். 10 ரூபா போட்டா ஏழு ரூபா சொச்சம்தான் ஏறும், என்னைக்கு ஃபுல் டாக்டைம்னு கேட்டு வச்சிருந்து அன்னைக்கு வருவாங்க. ஒரு மிஸ்டு கால்னா வந்து சேந்துட்டேன், ரெண்டுன்னா நீ கூப்பிடுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாஷை இருந்துச்சு. எஸ்.எம்.எஸ் பேக் போட்டாலும் தீபாவளி, பொங்கல், நியூ இயர் அன்னைக்கு மெசேஜுக்கு தனிக் காசு புடிப்பான், அதனால முந்துன நாளே வாழ்த்து அனுப்பிடுவாங்க. நெட்டுன்னா ஒரு ஜிபி 250 ரூபா வாக்குல இருந்துச்சு, யாரு போடுவா? பசங்க மெமரி கார்ட கொண்டு வந்து பாட்டு ஏத்தித் தரச் சொல்வாங்க, நாங்க ஏத்திக் குடுத்தோம், அது தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சோம்.

இதுல ஒரு விஷயம் ஆம்பளைங்களுக்கு தெரியாது, ரீசார்ஜ் கடை வச்சவனுக்கும் பொம்பளைங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கவுண்டர்ல நம்பர வாய்விட்டு சொல்லணும், பக்கத்துல நாலு பசங்க நிப்பானுங்க, நோட்டுல வேற எழுதுவோம். வயசுப் பொண்ணுங்க ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டு வந்து அத கைல குடுத்து, ஏத்துனதும் திருப்பி வாங்கிட்டு போவாங்க. நான் அவங்களுக்காக தனி நோட்டு வச்சு ராத்திரி அந்தப் பக்கத்த கிழிச்சிடுவேன். எல்லா கடையிலயும் அப்டி செஞ்சாங்களான்னா இல்ல, நம்பர் வெளிய போய் தொந்தரவு வந்து சிம்ம ஒடிச்சுப் போட்ட பொண்ணுங்க உண்டு, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு வீட்ல போனே குடுக்க மாட்டாங்க. தப்பு பண்ணுனவன் எவனோ, போன் புடுங்கப்பட்டது இவ கிட்ட இருந்து.

இந்த மாதிரி எண்ணி, மறைச்சு, கேட்டு வாங்கி வாழ்ந்த ஊருக்குதான் 2016 செப்டம்பர் 5 வந்துச்சு. ஜியோ ஆரம்பிச்ச நாள். ஆதார் கார்டும் கைரேகையும் இருந்தா கொஞ்ச நேரத்துல சிம், டிசம்பர் வரைக்கும் எல்லாம் இலவசம், அப்புறம் மார்ச் வரைக்கும் இலவசம்னு நீட்டுனாங்க. ஆறு மாசத்துக்குள்ள நாடு முழுக்க 10 கோடி பேர் சேர்ந்தாங்க. 2017 ஏப்ரல்ல காசு வாங்க ஆரம்பிச்சப்போ கூட 309 ரூபாய்க்கு 84 நாள், தினம் ஒரு ஜிபி. ஒரு ஜிபிக்கு 250 ரூபா குடுத்த ஆளுங்க அதோட கொஞ்சம் சேத்துப் போட்டா கிட்டத்தட்ட மூணு மாசம் பார்க்கலாம். விலை குறைஞ்சதுங்கறது ஒரு பக்கம், மீட்டர் பார்க்குற பழக்கமே போயிடுச்சுங்கறதுதான் பெரிய விஷயம். "ரொம்ப ஓடுது வச்சிடுறேன்"னு எங்க கடைல நான் கேட்ட அந்த வரி அந்த வருஷத்தோட செத்துப் போச்சு.

அதோட நிக்கல. இந்த அஞ்சு மாசத்துக்குள்ள என்னென்ன வந்து விழுந்துச்சுன்னு வரிசையா நினைச்சுப் பாருங்க. செப்டம்பர் 22ல ஜெயலலிதா ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, 75 நாள், ஒரு போட்டோ கூட வெளிய வரல. ஊர்ல எல்லாரும் ஏழு மணி செய்திக்கு காத்திருந்த காலம் போய் "அண்ணே இந்த ஆடியோவ கேளுங்க"ன்னு போன நீட்ட ஆரம்பிச்சாங்க, டாக்டர் பேசுறாராம், நர்ஸ் பேசுறாங்களாம், எது நெசம் எது பொய்னு ஒருத்தருக்கும் தெரியாது, வதந்தி பரப்புனதா போலீஸ் சில பேர அரெஸ்ட் கூட பண்ணுச்சு. டிசம்பர் 5 சாயங்காலம் டிவியே முந்திக்கிட்டு இறந்துட்டாங்கன்னு போட்டு அப்புறம் ஆஸ்பத்திரி மறுத்து, ராத்திரி பதினொன்ற மணிக்குதான் இறந்ததா அறிவிச்சாங்க. எங்க கடைத்தெரு நாலு மணிக்கே ஷட்டர் இறக்கிடுச்சு, எல்லாரும் வீட்டுக்குள்ள கைல போனோட. செய்திய யார நம்புறதுன்னு தமிழ்நாட்டுக்கு ஒரு குழப்பம் வந்துச்சுல்ல, அது அந்த 75 நாள்ல ஆரம்பிச்சது, இன்னும் முடியல.

நடுவுல நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 செல்லாதுன்னு அறிவிப்பு. நாட்டுல இருந்த பணத்துல மதிப்புக்கு 86 சதவீதம் ஒரே ராத்திரில. கார்த்திகை முகூர்த்தம் வருது, எங்க பக்கம் மொய் இல்லாம கல்யாணம் கிடையாது, நான் போன ஒரு கல்யாணத்துல மொய் எழுதுறவரு முன்னாடி பழைய 500 நோட்டோட ஆளுங்க தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க, கடைசில பேர எழுதிக்கோங்க பணம் பின்னாடின்னு முடிவாச்சு. மொய் நோட்டுல கடன் எழுதுனத நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. யுபிஐ அந்த வருஷம் ஏப்ரல்லயே வந்திருச்சு, எங்க ஊர்ல யாரும் சீண்டல, பீம் ஆப் டிசம்பர் கடைசில, தேஜ்னு கூகுள் கொண்டு வந்தது அடுத்த வருஷம் செப்டம்பர், அதுதான் இப்ப நாம வாய்க்கு வாய் சொல்ற ஜிபே. நோட்டு செல்லாம போன அந்த பயம்தான் இதுக்கெல்லாம் கதவ தொறந்து வச்சுச்சு.

அதே நவம்பர்லதான் வாட்ஸ்அப்ல வீடியோ காலும் வந்துச்சு. இத யாரும் பெருசா சொல்றதில்ல, எங்க பக்கத்து ஆளா எனக்கு இதுதான் முதல்ல ஞாபகம் வரும். ரெண்டு வருஷம் மூணு வருஷம் அப்பா முகத்த பார்க்காம வளர்ற புள்ளைங்க எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு, லீவுல வந்தா "யாருடா இது மாமா"ன்னு கேக்கும். எல்லா நாட்டுலயும் ஒழுங்கா எடுக்கல, சவுதில அடுத்த வருஷம் செப்டம்பர்லதான் இந்த மாதிரி கால்களுக்கு தடைய எடுத்தாங்க, துபாய்க்காரங்க வேற ஆப் ஏதாவது போட்டுத் தரச் சொல்லி என் கடைக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா சிங்கப்பூர்க்காரங்க வீட்ல அந்த மாசத்துல இருந்தே அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு போன்ல உக்காந்துட்டாரு.

அப்புறம் ஜனவரி. எங்க புதுக்கோட்டை மாவட்டத்துலதான் வாடிவாசல் அதிகம், வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு வழக்கமா தச்சங்குறிச்சிலதான் நடக்கும். 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதுல இருந்து மாடு வளர்க்குறவங்க நொந்து போய் கெடந்தாங்க, ஒவ்வொரு பொங்கலுக்கும் மனு, ஆர்ப்பாட்டம், ஒண்ணும் நடக்கல. 2017 ஜனவரி 17ல இருந்து 23 வரைக்கும் மெரினால நடந்தது உங்களுக்கு தெரியும். தலைவர் கிடையாது, கட்சிக்காரங்கள மேடை ஏற விடல, லைட்ட அணைச்சப்போ அத்தன பேரும் செல்போன் டார்ச்ச அடிச்சாங்க. கடைசி நாள் தடியடியோட முடிஞ்சது, அந்த வலியும் உண்டு, ஆனா 21ம் தேதி அவசரச் சட்டம் வந்துச்சு, அப்புறம் சட்டசபைல சட்டமாவே ஆச்சு, அந்தச் சட்டத்த சுப்ரீம் கோர்ட்டே 2023 மே மாசம் சரின்னு சொல்லிடுச்சு. எனக்கு இதுல பெருசா படுறது வேற. எங்க தெருவுல இருந்து சென்னைல படிச்ச ஒரு பொண்ணு நாலு ராத்திரி மெரினால தங்கி இருந்துச்சு. அஞ்சு மாசம் முன்னாடின்னா அந்த அப்பன் லாரி புடிச்சாவது போய் இழுத்துட்டு வந்திருப்பான். அவரு என் கடைல உக்காந்து வீடியோ கால்ல பொண்ண பார்த்துட்டு, "சுத்தி பொம்பளப் புள்ளைங்கதான் இருக்கு, பசங்க தண்ணி பாட்டில் குடுக்குறானுங்க, இருக்கட்டும்"னு சொன்னாரு. அந்த "இருக்கட்டும்" அவரு வாய்ல இருந்து வரும்னு நான் நினைச்சதில்ல.

2018ல இருந்து 2020 ஜூன் வரைக்கும் டிக்டாக் காலம், அதை சுருக்கமா சொல்லிடுறேன். நடவு நட்டுக்கிட்டே பாடுறவங்க, கொத்தனார், மாடு மேய்க்குற தாத்தா எல்லாரும் முகத்த காட்டுனாங்க, அதுல அசிங்கமும் இருந்துச்சு, 2019 ஏப்ரல்ல மதுரை ஐகோர்ட் கிளையே தடை போட்டு அந்த மாசமே எடுத்துச்சு. நல்லதா கெட்டதான்னு கேட்டா, கேமரா முன்னாடி நிக்க தகுதின்னு ஒண்ணு வேணும்ங்கற நினைப்பு எங்க ஊர்ல அப்பதான் உடைஞ்சுச்சு. எங்க மாவட்டம் சின்னவீரமங்கலத்துல வயக்காட்டுல சமைச்சு போட்ட ஒரு தாத்தாவும் பேரன்களும் 2021ல யூடியூப்ல ஒரு கோடி சப்ஸ்க்ரைபர் எடுத்தாங்க, தமிழ்ல அதுதான் முதல் தடவை.

2018 நவம்பர் 16 கஜா புயல், எங்க பக்கத்து ஆளு எழுதுறப்போ அத விட முடியாது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, எங்க கீரமங்கலம் பக்கம் தென்னை எல்லாம் படுத்திருச்சு, வாரக் கணக்குல கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் வச்சு நான் சார்ஜ் போட்டுக் குடுத்தேன், டீசல் காசு மட்டும் வாங்குனேன். சார்ஜ் ஏறுனதும் அவங்க செஞ்ச முதல் காரியம் சிக்னல் கிடைக்குற இடத்துக்கு போய் சிங்கப்பூர்ல இருக்க மகனுக்கு தோப்ப காட்டுறது. முப்பது வருஷ மரம் விழுந்து கெடக்குறத அப்பன் நடந்து நடந்து காட்டுறாரு, அந்தப் பக்கம் மகன் ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டே இருக்கான். வெளிநாட்டுல இருந்து உதவி அவ்ளோ வேகமா வந்ததுக்கு அதுதான் காரணம்னு நான் நம்புறேன், செய்தில எங்க ஊர் பேரு வர்றதுக்கு முன்னாடியே பணம் வந்துடுச்சு.

இப்ப 2020. அது பெருசு இல்லன்னு நான் சொல்லல. ஓடிடில படம் வந்தது, அம்பது பேரோட கல்யாணம், மாஸ்க், வீட்ல இருந்து வேலை, இதெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, இதுல பாதி திரும்ப பழையபடி ஆயிடுச்சு. மொய் வாங்குறதுக்குன்னே எங்க பக்கம் ஆடில வைக்கிற மொய் விருந்து ரெண்டு வருஷம் நின்னுச்சு, இப்ப லேப்டாப்புல ஏத்தி பிரிண்ட் ரசீதோட முன்ன விட பெருசா நடக்குது. திரும்பாத மாற்றம் ரெண்டுதான் எனக்கு தெரியுது. ஒண்ணு சாவு. ஃப்ளைட் இல்லாம மகன் வர முடியாம, கொள்ளி வைக்கிறத பேரன் கைல போன வச்சுக்கிட்டு காட்டுனத நான் ரெண்டு மூணு வீட்ல பார்த்தேன். இப்ப ஃப்ளைட் இருக்கு, ஆனாலும் லீவு கிடைக்கலன்னா வீடியோல பார்த்துக்கறேன்னு சொன்னா ஊரு ஏத்துக்குது, முன்னாடி அத பேசுனாலே குடும்பம் உடைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு பொம்பளப் புள்ளைங்க கைல போன். "வயசுப் பொண்ணுக்கு எதுக்கு போன்"னு எந்த வீடு பிடிவாதமா நின்னுச்சோ அதே வீட்டு அப்பன் மே மாசம் கடை தொறந்ததும் வந்து நிக்கிறாரு, வாத்தியார் வாட்ஸ்அப்ல பாடம் அனுப்புறாராம், ஒரு செகண்ட் ஹேண்ட் போன் இருந்தா குடுங்கன்னு. காதுத் தோட அடகு வச்சு வாங்குனவங்க உண்டு. ஸ்கூலே கேட்டதால யாரும் மறுப்பு சொல்ல முடியல. போன் வாங்க முடியாத வீட்ல நடந்தது வேற கதை, பசங்க வேலைக்கு போனானுங்க, சில பேரு திரும்ப ஸ்கூல் பக்கம் வரவே இல்ல, 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சதே அந்த ஓட்டைய அடைக்கத்தான். அத மறந்துட்டு 2020ஐ வெறும் முன்னேற்றம்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். ஆனா பாருங்க, 2016ல டேட்டா இவ்ளோ மலிவா ஆகாம இருந்திருந்தா 2020ல வாத்தியார் வாட்ஸ்அப்ல பாடம் எடுத்திருக்கவே முடியாது. அதனாலதான் நான் 2016 பக்கம் நிக்கிறேன்.

கடைசியா ஒரு ரெண்டு தேதி சொல்றேன், இது இப்ப நடந்துக்கிட்டே இருக்கறதால யாரும் சரியா எடை போடல. 2021 மே 8, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. 2023 செப்டம்பர் 15, மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபா, ஒரு கோடிக்கு மேல பொம்பளைங்களுக்கு அவங்கவங்க பேர்ல இருக்க அக்கவுண்டுல. முன்னாடி எங்க கடைத்தெருவுல சந்தை நாள் தவிர மத்தியானம் பொம்பளைங்கள பார்க்கறது கம்மி, பஸ்ஸுக்கு புருஷன் கிட்ட காசு கேக்கணும், எதுக்குன்னு காரணம் சொல்லணும். இப்ப பதினோரு மணி பஸ்ல கூட்டமா இறங்குறாங்க, ஜாக்கெட் தைக்க குடுத்துட்டு, அம்மா வீட்டு ஆளுங்கள பார்த்துட்டு, சும்மா ஒரு டீ குடிச்சுட்டு போறாங்க. மாசம் பாதில "அண்ணே பணம் ஏறிருச்சான்னு பாருங்க"ன்னு போன நீட்டுவாங்க, அது அவங்க போன், அவங்க நம்பர், மெசேஜ் அவங்களுக்கு வந்தது.

அதுல ஒரு அக்கா, எங்கப்பா பூத் காலத்துல இருந்து கடைக்கு வர்றவங்க. அவங்க புருஷன் மலேசியாவுல இருந்தாரு, கால் வந்தா நான் சைக்கிள்ல போய் கூட்டிட்டு வருவேன். எங்க நோட்டுல அவங்க பேரு "அரிசிக் கடைக்காரர் மருமக", அப்புறம் ரீசார்ஜ் காலத்துல "மலேசியாக்காரர் வீடு", பாக்கி எழுதுறப்பவும் அதான், நாங்க யாரும் பேரு கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. உரிமைத்தொகை வந்த அடுத்த மாசம் அவங்க மக போட்டுக் குடுத்த ஜிபேல இருந்து எனக்கு 40 ரூபா அனுப்புனாங்க, ஜெராக்ஸ் காசு. என் போன்ல ஒரு பொம்பள பேர் வந்துச்சு. யாருன்னு தெரியாம நான் கடைல நின்ன எல்லாரையும் பார்த்து அந்தப் பேர சத்தமா படிச்சேன், அவங்க "நான்தான்"னு கை தூக்குனாங்க.